கைக்குட்டையும் கல்மேசையும்: நார்னியா படத்தில் சிலுவையின் சாயல்

பனி மூடிய காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் தன்னந்தனியாக எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணாமூச்சி விளையாட்டில் ஒளிந்துகொள்ள ஒரு பழைய அலமாரிக்குள் நுழைந்து, தொங்கும் கம்பளி அங்கிகளை விலக்கிக்கொண்டே போய், அந்தக் காட்டுக்குள் வந்துவிட்ட லூசி என்ற சிறுமி கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குளம்புச் சத்தம் கேட்கிறது. இடுப்புக்கு மேல் மனிதனாகவும் கீழே ஆடாகவும் இருக்கும் ஒருவன், சிவப்புக் கழுத்துத் துணியும் குடையும் பொட்டலங்களுமாக வந்து, அவளைக் கண்டு அலறிப் பொட்டலங்களைக் கீழே போட்டுவிட்டு மரத்தின் பின்னால் பதுங்குகிறான். லூசி ஓடிவிடவில்லை. குனிந்து பொட்டலங்களைப் பொறுக்கிக் கொடுக்கிறாள். பிறகு கையை நீட்டுகிறாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று அவன் கேட்க, அவளும் ஒரு கணம் யோசித்துவிட்டு, தெரியவில்லை, ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்கிறாள்.

ஆண்ட்ரூ ஆடம்சன் இயக்கி 2005 டிசம்பரில் வெளியான, நார்னியா என்ற கற்பனை நாட்டைப் பற்றிய வரிசையின் முதல் திரைப்படத்தில் வரும் இந்தக் காட்சி, அந்தப் படத்தின் கிறிஸ்தவக் குறியீடுகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பேச்சு நேராகச் சிங்கத்திடம் போய்விடும்: அஸ்லான் என்ற அந்தச் சிங்கம் கிறிஸ்து, அது பலியாகும் கல்மேசை சிலுவை, நாட்டை ஆளும் வெள்ளைச் சூனியக்காரி சாத்தான், உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கும் லூசியின் அண்ணன் எட்மண்ட் யூதாஸ் என்று ஒரு பொருத்தப் பட்டியல் தயாராகிவிடும். பட்டியலில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், ஒரு சிங்கம் ஒரு துரோகிக்காக ஏன் சாக வேண்டும் என்ற கேள்விக்குப் படம் எங்கே பதில் சொல்கிறது என்பது தெரியாமல் போய்விடும். அந்தப் பதிலைச் சிங்கம் திரையில் தோன்றுவதற்கு வெகு முன்பே, ஒரு சிறுமிக்கும் டம்னஸ் என்ற அந்த ஆட்டுக்கால் மனிதனுக்கும் இடையிலான நட்பில் படம் சொல்லத் தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

மூலக் கதையை எழுதிய சி. எஸ். லூயிஸ் 1898இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் இடைக்கால இலக்கியம் கற்பித்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டுத் திரும்பியவர். இளமையில் கடவுள் நம்பிக்கையை உதறியிருந்த அவர் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியதில் நட்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1931 செப்டம்பரில் ஓர் இரவு, மாக்டலன் கல்லூரி வளாகத்தின் நடைபாதையில் டோல்கீன், ஹியூகோ டைசன் என்ற இரு நண்பர்களோடு அவர் நள்ளிரவைத் தாண்டியும் பேசிக்கொண்டே நடந்தார். பேச்சு புராணங்களைப் பற்றியது. செத்து உயிர்த்தெழும் தெய்வங்களின் பழங்கதைகள் உன்னை உருக்குகின்றன, அதே கதை சுவிசேஷத்தில் வந்தால் மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறாய், அது உண்மையில் நடந்துவிட்ட புராணம் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே நண்பர்கள் முன்வைத்த வாதத்தின் சாரம். சில நாட்களுக்குள் லூயிஸ் கிறிஸ்தவரானார். பின்னாளில் நார்னியாவில் கிரேக்க, ரோமானியப் புராண உயிர்களும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் யூதா கோத்திரத்துச் சிங்கமும் ஒரே காட்டில் கூச்சமில்லாமல் உலவுவதற்கு வேர் அந்த இரவில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வாதத்தை முன்வைத்த டோல்கீனுக்கே இந்தக் கலவை பிடிக்கவில்லை.

கதையின் தோற்றுவாயைப் பற்றி லூயிஸ் சொன்னது முக்கியமானது. பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களும் ஏந்தி நடக்கும் ஆட்டுக்கால் மனிதனின் உருவம் தமக்குப் பதினாறு வயதிருக்கும்போதே மனதில் தோன்றியது என்றும், நாற்பதை நெருங்கும்போதுதான் அதைக் கதையாக்க முனைந்ததாகவும், அஸ்லான் கதைக்குள் பாய்ந்து வந்தது அதற்கும் பிறகுதான் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆகவே கிறிஸ்தவக் கருத்தை முதலில் வகுத்துக்கொண்டு அதற்கு வேடம் போட்டுவிட்ட கதை இல்லை இது. டம்னஸ் முதலில் வந்தான், சிங்கம் பின்னால் வந்தது. உருவகக் கதை என்ற பெயரையும் லூயிஸ் ஏற்கவில்லை. நார்னியா போல ஓர் உலகம் இருப்பதாகவும், நம் உலகில் மனிதனாக வந்த தேவகுமாரன் அங்கே சிங்கமாக வருவதாகவும் வைத்துக்கொள்வோம், அப்போது என்ன நடக்கும் என்பதுதான் தம் கேள்வி என்று, தமக்குக் கடிதம் எழுதிய பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் 1954இல் விளக்கினார். துருக்கி மொழியில் அஸ்லான் என்றால் சிங்கம். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கிறிஸ்துவுக்கு வழங்கும் 'யூதா கோத்திரத்துச் சிங்கம்' என்ற பெயரே தம் மனதில் இருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

டம்னஸிடம் திரும்புவோம். கிறிஸ்தவ ஓவிய மரபில் ஆட்டுக்காலும் கொம்பும் யாருக்கு உரியவை என்பது எல்லோருக்கும் தெரியும். சாத்தானை வரைந்த ஐரோப்பிய ஓவியர்கள் அந்த உருவத்தைப் பெரும்பாலும் இத்தகைய பழைய காட்டுத் தெய்வங்களிடமிருந்துதான் எடுத்தார்கள். கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றிய மத்தேயுவின் பகுதியிலும் வெள்ளாடுகள் இடது பக்கம் நிறுத்தப்படுகின்றன. ரோமானியக் கதைகளில் இந்த உயிர்கள் வனதேவதைகளைத் துரத்திக்கொண்டு திரியும் காமாந்தகர்கள். இத்தனை பழியையும் சுமந்த உருவத்துக்குக் கம்பளிக் கழுத்துத் துணியைச் சுற்றி, தேநீர் விருந்துக்கு அழைக்கும் கூச்ச சுபாவியாக லூயிஸ் படைத்தார். டம்னஸாக நடித்த ஜேம்ஸ் மக்கவாய் அந்தக் கூச்சத்தைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். கண்கள் லூசியை விட்டு அடிக்கடி நழுவும், பாதி வாக்கியத்தில் குரல் கம்மும். லூசியாக வந்த ஜார்ஜி ஹென்லிக்குப் படப்பிடிப்பின்போது வயது ஒன்பதை ஒட்டி. பனிக்காட்டு அரங்கை முன்கூட்டிக் காட்டாமல், கண்ணைக் கட்டி அவளை உள்ளே கொண்டுவந்துதான் ஆடம்சன் அந்த முதல் வியப்பைப் படம்பிடித்தார்.

டம்னஸின் குகை வீட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. சுவரில் அவன் தந்தையின் படம். நல்ல முகம், உங்களைப் போலவே இருக்கிறார் என்கிறாள் லூசி. இல்லை, நான் அவரைப் போல இல்லவே இல்லை என்கிறான் அவன். என் அப்பாவும் போருக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொல்ல, என் தந்தையும் போருக்குப் போனார், ஆனால் அது இந்தக் கொடிய குளிர்காலத்துக்கு வெகு முன்பு என்கிறான். மூல நூலிலும் தந்தையின் படம் உண்டு. என் தந்தை இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்கவே மாட்டார் என்று அங்கே அவன் குமுறுவான். போரை இருவருக்கும் பொதுவாக்கியது திரைக்கதை. இந்தச் சிறிய மாற்றம் நல்ல மாற்றம் என்பேன். படம் லண்டன் மீது குண்டு விழும் இரவில் தொடங்குகிறது. எட்மண்ட் தன் தந்தையின் புகைப்படத்தை எடுக்கப் பதுங்கு இடத்திலிருந்து வீட்டுக்குள் திரும்பி ஓடுகிறான். 1939 செப்டம்பரின் முதல் நாட்களில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். லூயிஸின் வீட்டிலும் அப்படி வந்த பிள்ளைகள் தங்கினார்கள். நூல் ஒற்றை வாக்கியத்தில் கடந்துபோன அந்தப் போரைப் படம் விரித்துக் காட்டுவதால், தந்தையற்ற வீட்டுப் பிள்ளையும் தந்தையை இழந்த டம்னஸும் ஒரே துயரத்தின் இரு கரைகளில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள் என்பது நமக்குப் புரிகிறது.

பிறகு டம்னஸ் குழல் ஊதுகிறான். நெருப்பில் உருவங்கள் ஆடுகின்றன, லூசியின் கண் செருகுகிறது. திடீரென நெருப்பு ஒரு சிங்கத்தின் முகமாகி உறும, விளக்குகள் அணைகின்றன. விழித்தெழும் லூசியிடம் அவன் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறான்: காட்டில் மனிதப் பிள்ளை எதைக் கண்டாலும் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது சூனியக்காரியின் ஆணை, நான் உன்னைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். நூலில் அவன் இன்னும் வெளிப்படையாக, நான் அவளிடம் கூலி வாங்குகிறவன் என்கிறான். 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்ற ரோமர் நிருப வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூலி என்ற சொல் சும்மா கடந்துபோகாது.

லூசி அப்போது பயப்படுவதைவிட அதிகமாக ஏமாந்துபோகிறாள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள், நீங்கள் என் நண்பர் அல்லவா என்பதுதான் அவள் வாயிலிருந்து வருவது. அதில் மிரட்டல் இல்லை, மன்றாட்டுகூட அதிகம் இல்லை. அவன் தன்னைப் பற்றி நினைப்பதைவிட அவள் அவனை உயர்வாக நினைத்திருக்கிறாள், அவ்வளவுதான். இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டியவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இல்லை, அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு. சேவல் கூவியதும் 'கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்' என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பார்வை ஒன்றில்தான் பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுகிறான். லூசியின் பார்வை டம்னஸிடம் செய்வதும் அதுவே. அவன் அவளை விளக்குக் கம்பம் வரை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். மரங்களில்கூட ஒற்றர்கள் உண்டு. பிரியும்போது அழுத கண்களோடு அவள் கொடுத்திருந்த கைக்குட்டையைத் திருப்பி நீட்டுகிறான். வைத்துக்கொள்ளுங்கள், என்னைவிட உங்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும் என்கிறாள் அவள். என்ன நடந்தாலும் உன்னைச் சந்தித்ததில் எனக்கு மகிழ்ச்சி, இந்த நூறு ஆண்டுகளில் நான் உணராத வெதுவெதுப்பை நீ எனக்குத் தந்தாய் என்கிறான் அவன். எப்போதும் குளிர்காலம், ஒருபோதும் கிறிஸ்துமஸ் வராது என்ற சாபத்தில் உறைந்த நாட்டில், உருகத் தொடங்கும் முதல் பனி அவன் முகத்தில்தான் என்பதைப் படம் எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

அவன் செய்ததன் விலை அவனுக்குத் தெரியும். வீடு சூறையாடப்படுகிறது, அவனை ஓநாய்கள் பிடித்துச்செல்கின்றன, கடைசியில் கல்லாக்கப்படுகிறான். 'ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை' என்று யோவான் சுவிசேஷம் சொல்லும் அன்பை, அந்த வசனத்தை அறியாத ஓர் ஆட்டுக்கால் மனிதன் சிங்கத்துக்கு முன்பே செய்துமுடித்துவிடுகிறான்.

எட்மண்டின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அதே காட்டில் அவனுக்கும் ஒரு சந்திப்பு, சூடான பானம், ஒரு விருந்து. டில்டா ஸ்விண்டனின் சூனியக்காரி அவனைத் தன் கம்பளிக்குள் இழுத்து அணைத்து, அவன் கேட்ட டர்கிஷ் டிலைட் மிட்டாயைத் தருகிறாள். ஒரு மிட்டாய்க்காகச் சகோதரர்களை விற்பானா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். பிரிட்டனில் 1940 ஜனவரியிலேயே சர்க்கரைக்குப் பங்கீடு வந்துவிட்டது. மிட்டாய்க்கு 1942இல் வந்த பங்கீடு 1953 பிப்ரவரியில்தான் முற்றிலும் நீங்கியது. 1950 அக்டோபரில் நூல் வெளிவந்தபோது அதைப் படித்த பிள்ளைகள் பங்கீட்டு அட்டையோடு மிட்டாய்க் கடையில் நின்றவர்கள். பெட்டி நிறைய இனிப்பு என்பது அவர்களுக்குச் சாதாரண ஆசை இல்லை. ஏதேனில் பழம் வெறும் பழமாக இல்லாதது போலவே இதுவும். விருந்துக்கு அழைத்த இருவரில் டம்னஸ் கொடுக்கத் தொடங்கிப் பறிக்க மறந்தவன். சூனியக்காரி பறிப்பதற்காகவே கொடுப்பவள்.

இரண்டு கதைகளும் சூனியக்காரியின் பனிச் சிறையில் மோதிக்கொள்கின்றன. நூலில் இல்லாத இந்தக் காட்சியைச் சேர்த்ததற்காகவே திரைக்கதையாசிரியர்களைப் பாராட்டலாம். சங்கிலியில் கிடக்கும் எட்மண்டுக்குக் காய்ந்த ரொட்டி. பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல், நீ அதைச் சாப்பிடப்போவதில்லை என்றால் எனக்குத் தர முடியுமா என்று தயங்கிக் கேட்கிறது. எழுந்து வந்திருப்பேன், ஆனால் என் கால்கள் என்று சொல்லி நிறுத்துகிறது. எட்மண்ட் ரொட்டியைக் கொடுக்கிறான். நீ லூசியின் அண்ணனா, மூக்கு அப்படியே இருக்கிறது என்கிறான் டம்னஸ். உன் தங்கை பத்திரமாக இருக்கிறாளா என்று அடுத்து விசாரிக்கிறான். சூனியக்காரி உள்ளே வருகிறாள். நீ ஏன் இங்கே இருக்கிறாய் தெரியுமா என்று அவள் கேட்க, சுதந்திர நார்னியாவை நம்புவதால் என்று டம்னஸ் நிமிர்ந்து சொல்கிறான். இல்லை, இவன் உன்னைக் காட்டிக்கொடுத்தான், மிட்டாய்க்காக என்கிறாள் அவள். டம்னஸ் எட்மண்டைத் திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் சாபம் இல்லை என்பதுதான் எட்மண்டைத் தலைகுனிய வைக்கிறது. திருவிருந்தை நினைவூட்டும் ஒரு ரொட்டித் துண்டு, ஒரு துரோகியின் கையிலிருந்து அவன் துரோகம் செய்த ஆளின் கைக்குப் போவதைக் காட்டிவிட்டு, அந்த உண்மையை அடுத்த நிமிடம் உடைப்பது சாமர்த்தியமான கட்டமைப்பு.

கல்மேசைக்கு வருவோம். அஸ்லானின் பாசறைக்குச் சூனியக்காரி நேரடியாக வந்து, துரோகிகள் எல்லோரும் ஆதி மந்திரத்தின்படி எனக்கு உரியவர்கள், எட்மண்டின் இரத்தம் என் சொத்து என்று வாதிடுகிறாள். பொய் சொல்பவளாக இல்லாமல், சட்டப் புத்தகத்தைச் சரியாக மேற்கோள் காட்டும் அரசு வழக்கறிஞரைப் போல அவளை நிறுத்தியிருப்பதில் ஒரு வேத நுணுக்கம் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்திலும் சாத்தான் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன். அஸ்லான் சட்டத்தை மறுப்பதில்லை. தனிமையில் பேசி, எட்மண்டின் இடத்தில் தன்னை வைக்கிறான். இந்த ஒப்பந்தத்தைக் கிறிஸ்தவச் சிந்தனை வரலாற்றில் எங்கே வைப்பது என்று கேட்டால், பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அன்செல்ம் வகுத்த, கடவுளின் மாட்சிமைக்கு ஈடுசெய்யும் கோட்பாட்டைவிட, அதற்கு வெகு முந்தைய ஓரிகன், நீசாவின் கிரகோரி போன்ற ஆதித் திருச்சபை அறிஞர்கள் பேசிய மீட்புப்பணக் கோட்பாட்டுக்கே இது நெருக்கமானது. அதன்படி மனிதன் சாத்தானின் பிடியில் இருக்கிறான். கிறிஸ்து தம்மை விலையாகக் கொடுக்கிறார். விலையை விழுங்கிய சாத்தான் தூண்டிலைக் கவ்விய மீன் போல மாட்டிக்கொள்கிறான். சூனியக்காரி மாட்டிக்கொள்வதும் அப்படித்தான். எந்தக் கோட்பாட்டையும்விடக் கிறிஸ்துவின் மரணம் நம்மைச் சீர்ப்படுத்தியது என்பதே மையம் என்று கருதியவர் லூயிஸ். கோட்பாடுகளுக்கு இடையே அவர் இவ்வளவு சுதந்திரமாக உலவுவதில் வியப்பில்லை.

அன்றிரவு அஸ்லான் தனியாகக் காட்டுக்குள் நடக்க, லூசியும் அவள் அக்கா சூசனும் பின்தொடர்கிறார்கள். சிங்கம் அவர்களைத் துரத்திவிடவில்லை; துணை இருந்தால் நல்லது என்கிறது. இரு சிறுமிகளும் அதன் பிடரியில் கை வைத்துக்கொண்டே நடக்கிறார்கள். தாம் பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது. நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்' என்று இயேசு கேட்டபோது சீடர்கள் தூங்கிப்போனார்கள். இந்தச் சிறுமிகள் தூங்கவில்லை. சிங்கத்தின் பிடரியை மழிப்பதையும், வாயைக் கட்டி ஏளனம் செய்வதையும், கத்தி இறங்குவதையும் புதருக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார்கள். படைகள் போனபின் ஓடிவந்து, எதையும் குணமாக்கும் தன் மருந்துக் குப்பியை லூசி எடுக்கிறாள். நேரம் கடந்துவிட்டது என்கிறாள் சூசன். அப்போது எலிகள் வந்து கயிறுகளைக் கடிக்கத் தொடங்குகின்றன. செத்த சிங்கத்தின் கட்டை அவிழ்ப்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் அவை அவிழ்க்கின்றன. இயேசுவின் கல்லறைக்குச் சுகந்தவர்க்கம் கொண்டுபோன பெண்களும் அப்படித்தான் போனார்கள். நார்னியாவில் எலிகள் பேசும் திறன் பெற்றது அன்றைய இரவின் இந்தக் கருணைக்காகத்தான் என்று வரிசையின் பிந்தைய நூலில் லூயிஸ் குறிப்பிடுகிறார்.

விடியலில் மேசை இரண்டாகப் பிளக்கிறது. இயேசு உயிர்விட்டபோது தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்ததன் எதிரொலி அது. அஸ்லான் உயிரோடு நிற்கிறான். துரோகம் செய்யாத ஒருவன் ஒரு துரோகிக்குப் பதிலாகத் தானே விரும்பிச் சாகும்போது மேசை உடையும், மரணமே பின்னோக்கித் திரும்பும் என்று விளக்குகிறான். இங்கே படம் நூலிலிருந்து விலகுகிறது. நூலில் இது காலத்தின் விடியலுக்கும் முந்தைய, சூனியக்காரிக்கு எட்டாத இன்னும் ஆழமான மந்திரம். படத்திலோ தியாகத்தின் பொருள் தெரிந்திருந்தால் அவள் அதே மந்திரத்தை வேறுவிதமாக வாசித்திருப்பாள் என்று அஸ்லான் சொல்கிறான். சட்டத்துக்கு அப்பால் உள்ள கிருபை, சட்டத்தின் சரியான வாசிப்பாகச் சுருங்கிவிட்டது. பவுலின் நிருபங்களைப் படித்தவருக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றாது. இன்னொரு இடறலும் உண்டு. சிலுவையில் இயேசு உயிர்விடும்போது சொன்ன 'முடிந்தது' என்ற சொல்லைப் படம் எடுத்து, அஸ்லான் போர்க்களத்தில் சூனியக்காரியைக் கொன்றபின் சொல்ல வைக்கிறது. நூலில் அந்தச் சொல் அங்கே இல்லை. தோற்பதுபோல் தோன்றிய நேரத்தில் சொன்ன சொல்லை வென்றபின் சொல்லும் சொல்லாக்கியது, சண்டைக் காட்சிக்கு முத்தாய்ப்புத் தேடிய அவசரம் என்றே எனக்குப் படுகிறது.

படம் வெளியான சமயத்தில் கடுமையான எதிர்ப்பும் வந்தது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பாலி டாயின்பி, நமக்காகத் தன் உடலை வதைத்துச் செத்த கிறிஸ்து என்ற கருத்தே அருவருப்பானது, அவரைச் சாகச் சொல்லி நாம் கேட்டோமா என்று எழுதினார். கேலியாக ஒதுக்கக் கூடாத கேள்வி அது. கடனைச் சொல்லிக்காட்டி ஆளும் கருணை கருணை இல்லைதான். ஆனால் படம் எட்மண்டை எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். மீட்கப்பட்டு வந்த அவனோடு அஸ்லான் ஒரு பாறைமேல் நின்று பேசுகிறான். நமக்கு ஒரு சொல்கூடக் கேட்பதில்லை. சகோதரர்களைப் போலவே நாமும் தூரத்திலிருந்து பார்க்கிறோம். இறங்கி வந்ததும், நடந்தது நடந்துவிட்டது, அதைப் பற்றி இனி எட்மண்டிடம் பேச வேண்டியதில்லை என்று அஸ்லான் மற்றவர்களிடம் சொல்கிறான். லூசி அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். மூத்த அண்ணன் பீட்டர், இனி இப்படி அலைந்து திரியாதே என்று மட்டும் சொல்கிறான். அண்ணன்கள் மன்னிப்பைச் சொல்லும் விதம் எல்லா ஊரிலும் இதுதான் போலும். பின்னர்ப் போரில் சூனியக்காரியின் கோலை உடைத்துப் படுகாயமடைவதும் எட்மண்ட்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அஸ்லான் சாவது மனிதகுலம் முழுவதற்காக இல்லை, ஒரே ஒரு பையனுக்காக. டம்னஸ் கல்லானதும் ஒரே ஒரு சிறுமிக்காகத்தான். கல்மேசையின் இறையியல் அந்நியமாகத் தோன்றும் பார்வையாளருக்கும் குகை வீட்டின் நட்பு அந்நியமாகத் தோன்றாது. சிங்கம் அதே காரியத்தை ஓர் அடி தள்ளிக் கொண்டுபோகிறது. டம்னஸ் நண்பருக்காகச் செய்ததை அஸ்லான் காட்டிக்கொடுத்தவனுக்காகச் செய்கிறான். யோவானின் வசனத்திலிருந்து, 'நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார்' என்று பவுல் வியக்கும் இடத்துக்கு உள்ள தூரம் அது.

உயிர்த்தெழுந்த அஸ்லான் சூனியக்காரியின் கோட்டைக்குப் போய்க் கற்சிலைகள்மேல் ஊதுகிறான். ஆதியாகமத்தில் மண்ணின்மேல் ஊதிய ஜீவசுவாசமும், உயிர்த்தெழுந்தபின் சீடர்கள்மேல் ஊதிய மூச்சும் இதில் சேர்ந்திருக்கின்றன. கல்லான டம்னஸைக் கண்டு லூசி அழுதுகொண்டு நிற்க, சிங்கத்தின் மூச்சு பட்டதும் அவன் முகத்தில் நிறம் ஊறுகிறது. தடுமாறி விழப்போகிறவனை அவள் தாங்கிக்கொள்கிறாள்.

சுமார் 18 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 74 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் இது. லூயிஸின் வளர்ப்பு மகன் டக்ளஸ் கிரெஷாம் இணைத் தயாரிப்பாளர்களில் ஒருவர். தேவாலயங்களிடையே விளம்பரம் பலமாக நடந்தது. அத்தனை பெரிய தயாரிப்பு தன் கடைசிக் காட்சிகளில் ஒன்றை ஒரு துண்டுத் துணிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. முடிசூட்டு விழா நடக்கும்போதே அஸ்லான் யாரிடமும் சொல்லாமல் கடற்கரை வழியே நடந்துபோய்விடுகிறான். மாடத்தில் நின்று லூசி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டம்னஸ் பக்கத்தில் வந்து, கவலைப்படாதே, மறுபடி பார்ப்போம் என்கிறான். எப்போது என்கிறாள் அவள். ஒருநாள் இருப்பார், மறுநாள் இருக்கமாட்டார், அவரை நெருக்கக் கூடாது, அவர் பழக்கப்படுத்திய சிங்கம் அல்லவே என்கிறான். இல்லை, ஆனால் நல்லவர் என்கிறாள் லூசி. அவள் கண் கலங்கியிருக்கிறது. டம்னஸ் அந்தப் பழைய கைக்குட்டையை எடுத்து அவள் கையில் வைக்கிறான். இந்தா, என்னைவிட உனக்குத்தான் இது அதிகம் தேவைப்படும் என்கிறான். அவள் திரும்பிப் பார்க்கும்போது கடற்கரையில் சிங்கம் இல்லை.